கருவுற்ற தாய்மார் தடுப்பூசித் தரவுகள்: கொங்கு மாவட்டங்களின் விழுக்காடுகளை வாசிக்கும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்களுக்குப் போடப்படும் தடுப்பூசி குறித்துப் பொதுவெளியில் கிடைக்கும் தரவுகள் ஒரே மாவட்டத்திற்கு வெவ்வேறு விழுக்காடுகளைத் தருகின்றன. இவ்வேறுபாடு பிழையால் மட்டும் நேர்வதன்று. ஒவ்வொரு தரவு மூலமும் வேறொரு கேள்விக்கு விடையளிக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மாவட்டங்களை முன்வைத்து அக்கேள்விகளைப் பிரித்துக் காட்டுவதும், இத்தரவுகளின் கண்ணில் படாமல் போகும் பெண்கள் யாவர் எனச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: தாய்மைக்காலத் தடுப்பூசி, ரணஜன்னி, தேசியக் குடும்பநல ஆய்வு, கொங்கு நாடு, புலம்பெயர் தொழிலாளர்.

முன்னுரை

டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியால் 1988ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018இல் அவ்வெண் 25,000 ஆகக் குறைந்தது. இந்தியாவில் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் குழந்தைகளை இந்நோய் தாக்கியது. 2015இல், இந்நோய் நீக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது.

‘நீக்கம்’ என்னும் சொல்லை இங்குக் கவனத்துடன் கையாள வேண்டும். தமிழ் இதழ்கள் பெரியம்மைக்கும் ரணஜன்னிக்கும் ‘ஒழிப்பு’ என்ற ஒரே சொல்லையே வழங்கிவருகின்றன. பெரியம்மை உலகிலிருந்தே அகன்றது. ரணஜன்னிக் கிருமியின் வித்துகளோ மண்ணில் என்றும் இருப்பவை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓராண்டில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஒன்றுக்கும் குறைவாகவே இந்நோய் காணப்பட வேண்டும் என்பதே நீக்கத்தின் வரையறை. அளவீட்டின் அலகு மாவட்டமாக இருப்பதால் மாவட்டத் தரவு பிழைபட்டால் அறிவிப்பின் அடித்தளமே ஆட்டங்காணும்.

ஒரே ஒலிப்பில் இரு மருந்துகள்

நெடுங்காலம் கருவுற்ற பெண்களுக்கு ரணஜன்னிக்கு மட்டுமான ஊசியே போடப்பட்டது. 2019 முதல் அதற்கு மாற்றாக, ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துக் காக்கும் ஊசி இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்தின் வடிவம் இம்மாற்றத்தைக் காட்டிவிடும். தமிழிலோ பழையதும் ‘டி.டி. ஊசி’, புதியதும் ‘டி.டி. ஊசி’. எனவே, எந்த ஊசி போடப்பட்டது என்பதைத் தமிழ் வாய்மொழி நேர்காணல்களைக்கொண்டு பிரித்தறிய இயலாது. ஊசி போட்ட நாளைக் கேட்டறிந்து, மருந்தை ஊகிப்பதே களஆய்வாளருக்கு எஞ்சியுள்ள வழி.

தவணை முறையும் விளக்கத்திற்குரியது. கருவுற்றதை அறிந்தவுடன் முதல் தவணையும், நான்கு வாரங்கள் கழித்து இரண்டாம் தவணையும் போடப்படும். முந்தைய கருவுறுதலில் இரு தவணை பெற்று மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றவருக்கு ஓர் ஊக்கத் தவணை போதும். இவ்விதியே தரவில் பெருங்குழப்பத்திற்கு வழிசெய்கிறது.

மூன்று மூலங்கள்

முதலாவது, மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மாதந்தோறும் அனுப்பும் கணக்கு. நடுவண் நலவாழ்வுத் துறையின் எச்.எம்.ஐ.எஸ். தளத்தில் 2008 முதல் இது தொகுக்கப்படுகிறது. முதல் தவணை, இரண்டாம் தவணை, ஊக்கத் தவணை ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் உண்டு. ஆய்வேடுகள் பலவும் இரண்டாம் தவணை நிரலை மட்டும் எடுத்து, பதிவுசெய்த கருவுற்றோர் தொகையால் வகுத்துவிடுகின்றன. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்த 100 பேருள் 60 பேருக்கு இரண்டாம் தவணையும், 40 பேருக்கு ஊக்கத் தவணையும் முறைப்படி போடப்பட்டன என்க. விடுபட்டவர் எவருமில்லை. எனினும் மேற்சொன்ன வாய்பாடு 60 விழுக்காடு எனக் காட்டும். செவிலியரின் முழுமையான பணி ஆய்வேட்டில் குறைபாடாகப் பதிவாகிவிடுகிறது.

இரண்டாவது, தேசியக் குடும்பநல ஆய்வு. கடைசிப் பிறப்பின்போது குழந்தை ரணஜன்னியிலிருந்து காக்கப்பட்டதா என்பது இதன் கேள்வி. அந்தக் கருவுறுதலில் இரு ஊசிகள் பெற்றவரோடு, வாழ்நாளில் இரண்டு பெற்று இறுதி ஊசி மூன்றாண்டுகளுக்குள் அமைந்தவர், மூன்று பெற்று ஐந்தாண்டுகளுக்குள் அமைந்தவர், நான்கு பெற்றுப் பத்தாண்டுகளுக்குள் அமைந்தவர், ஐந்தோ அதற்கு மேலோ பெற்றவர் ஆகிய அனைவரும் காக்கப்பட்டோராகக் கொள்ளப்படுவர். அனைத்திந்திய அளவில் நான்காம் சுற்றில் (2015-16) 89 விழுக்காடாக இருந்த இது, ஐந்தாம் சுற்றில் (2019-21) 92 விழுக்காடாயிற்று. வரையறை செம்மையானதே, ஆனால் அது தாயின் நினைவையே நம்பியிருக்கிறது. கருவுற்ற காலத்தில் இரும்புச்சத்து ஊசி முதலாகப் பல ஊசிகளைப் பெறும் பெண், ஐந்தாண்டுகளுக்குப் பின் எது எதற்குப் போடப்பட்டது எனப் பிரித்துச் சொல்வது எளிதன்று.

மாதிரியின் அளவும் நோக்கத்தக்கது. ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களில் 25,650 பெண்களிடம் தகவல் பெறப்பட்டது. சராசரியாக மாவட்டத்திற்கு ஏறத்தாழ 800 பேர். அவர்களுள் அண்மையில் குழந்தை பெற்றவர் ஒரு சிறு பகுதியினரே. அத்தகையோர் 200 பேர் எனக் கொண்டால், 90 விழுக்காடு என்னும் மதிப்பீட்டின் உண்மை அளவு 86க்கும் 94க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே ஈரோட்டைவிடக் கோவை மூன்று புள்ளிகள் முன்னிலை என்பன போன்ற முடிவுகளை இத்தரவு தாங்காது.

மூன்றாவது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் நாடுதோறும் ஆண்டுதோறும் வெளியிடும் ‘பிறப்பில் காக்கப்பட்டோர்’ மதிப்பீடு. வளரும் நாடுகளை ஒப்பிட இது பயன்படும். மாவட்ட ஆய்வுக்கு உதவாது. அந்நாடுகள் பலவற்றுக்குக் குடும்ப ஆய்வுகளை நடத்தித் தந்த டி.எச்.எஸ். திட்டம், 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நிதியுதவி நிறுத்தப்பட்டதால் தடைப்பட்டது. இந்தியாவின் ஆய்வை மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது.

கீழெண் என்னும் சிக்கல்

எத்தனை பேருக்குப் போடப்பட்டது என்பது மேலெண். எத்தனை பேருள் என்பது கீழெண். கொங்குப் பகுதியில் கீழெண்ணே நிலையற்றது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் கருவுற்ற பெண் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். அதற்குள் இரு தவணைகளும் கணவன் ஊரில் முடிந்திருக்கும். குழந்தையோ தாய்வீட்டு மாவட்டத்தில் பிறக்கும். பிறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதிவாவது இந்தியச் சட்ட நடைமுறை. மேலும் நீலகிரி, திருப்பூர், ஈரோடு மட்டுமன்றிப் பாலக்காட்டிலிருந்தும் பேறுகாலச் சிகிச்சைக்குக் கோவை மருத்துவமனைகளை நாடிவருவோர் பலர். பிறப்புகளைக் கீழெண்ணாகக் கொண்டால் கோவையின் விழுக்காடு தாழ்ந்தும், பெண்களை அனுப்பிவைக்கும் மாவட்டங்களின் விழுக்காடு நூற்றைத் தாண்டியும் தோன்றக்கூடும். இரண்டிற்கும் ஊசியோடு தொடர்பில்லை.

மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டை ஆகியன கோவையிலிருந்தும், தாராபுரம், காங்கயம் ஆகியன ஈரோட்டிலிருந்தும் பிரிந்தன. ஆதலின் 2007-08இல் நடந்த மாவட்டக் குடும்ப ஆய்வின் ‘கோவை’யை 2015-16இன் ‘கோவை’யோடு ஒரே கோட்டில் இணைத்து வளர்ச்சி விகிதம் காண்பது பொருந்தாது.

பொதுவெளிக்கு வராத பதிவு

மேற்கண்ட சிக்கல்களுக்கெல்லாம் விடைதரக்கூடிய ஒரு பதிவு தமிழ்நாட்டில் உண்டு. ‘பிக்மி’ தளத்தில் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணுக்கும் 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்திற்கும் இவ்வெண் தேவைப்படுவதால், தனியார் மருத்துவமனைக்குச் செல்வோரும் பதிவுசெய்துகொள்கின்றனர். ஒரே பெண்ணை ஊர்விட்டு ஊர் தொடரும் இப்பதிவின் பெயர் நீக்கிய தொகுப்பு ஆய்வாளருக்குத் திறந்திருந்தால் கட்டுச்சோற்றுக் கணக்கின் சிக்கல் தீரும். கருவுற்ற செய்தி அந்தரங்கமானது என்பதால் தனிப்பதிவுகளைத் திறக்கக் கோருவது முறையன்று. வட்டார அளவிலான தொகைகளைக் கோருவது முறையே.

நிரலில் இல்லாத ஊசிகளும் உள்ளன. கக்குவான் இருமலையும் சேர்த்துக் காக்கும் ஊசியையும் இன்ஃப்ளுயன்சா ஊசியையும் நகரத் தனியார் மகப்பேறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். அரசு அட்டவணையில் அவை இல்லை. கட்டணம் செலுத்தும் ஆற்றலைப் பொறுத்து அமையும் இவ்வேறுபாட்டைப் பொதுத்தரவு காட்டுவதில்லை. கொரோனாக் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2021 ஜூலை 2 அன்று கருவுற்ற பெண்களுக்கு அவ்வூசி அனுமதிக்கப்பட்டது. ஆயினும் கோவின் தளத்தின் பொதுப் பலகை பாலினத்தையும் வயதையும் காட்டியதேயன்றிக் கருவுற்றோரைத் தனியே காட்டவில்லை.

திருப்பூரின் இடைவெளி

பின்னலாடைத் தொழிலை நம்பி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் திருப்பூரில் வாழ்கின்றன. முதல் தவணையைத் திருப்பூரில் பெற்றுப் பேற்றிற்குச் சொந்த ஊர் செல்லும் பெண்ணின் இரண்டாம் தவணை, போடப்பட்டிருந்தாலும் இங்குப் பதிவாகாது. இந்தி அல்லது ஒடியா அட்டையுடன் ஏழாம் மாதத்தில் வந்துசேரும் பெண்ணின் முந்தைய தவணைகள் இங்குள்ள மாதக் கணக்கில் இரா. குடும்பநல ஆய்வும் இக்குறையை ஈடுசெய்யவில்லை. ஐந்தாம் சுற்றின் மாதிரி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதன்பின் பெருகிய தொழிலாளர் குடியிருப்புகளுக்கு உரிய எடை கிடைத்தது என உறுதி கூற இயலாது. மாவட்டத்தின் உயர்ந்த சராசரிக்குள் இப்பெண்கள் மறைந்துவிடுகின்றனர். தடுப்பூசி பெறாதவர் மிகச் சிலரே எனினும் அவர்கள் ஒரே தெருவில், ஒரே குடியிருப்பில் குவிந்திருப்பாராயின் நோய் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

எனவே திருப்பூர் குறித்து ஆய்வு மேற்கொள்வோர், இரண்டாம் தவணையையும் ஊக்கத் தவணையையும் கூட்டிய தொகையை வட்டார வாரியாகப் பெறுதல் வேண்டும். முதல் தவணைக்கும் அக்கூட்டுத்தொகைக்கும் இடையே எந்த வட்டாரத்தில் இடைவெளி மிகுகிறது என நோக்கி, அவ்வட்டாரத்துக் கிராம சுகாதார செவிலியரிடமுள்ள பதிவேட்டில் அந்தப் பெண்களின் சொந்த மாநிலம் எது எனக் கேட்டறிதல் அடுத்த படி. அந்த ஒரு தகவலுக்கு மாத அறிக்கையில் இன்னும் நிரல் இல்லை.