பேசி முடிக்கிற விஷயமில்லை

"ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம். பொம்பளப் புள்ள, நாளைக்கு நம்ம பேருதான் கெடும்."

ஒரு குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமை வீட்டில் தெரியவந்த அன்று, திண்ணையில் முதலில் விழுகிற பேச்சு பெரும்பாலும் இதுதான். பெரியப்பாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பேசி முடித்த மறுநாள் அந்த ஆள் அதே தெருவில் நடமாடுவான்; குழந்தைதான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கும்.

ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறியதாக ஓர் ஆசிரியர் மீது வழக்குப் பதிவானது. சிறுமியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டதென்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது. இத்தகைய குற்றத்தை இருவருக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரமாகப் பார்க்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பெற்ற தகப்பனே கையெழுத்துப் போட்டாலும் செல்லாதபோது, ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்கும் பேப்பருக்கு என்ன மதிப்பு?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எல்லோருக்கும் பொருந்தும். "பையன்தானே" என்று ஒதுக்க வழியில்லை. பெற்றோர்தான் புகார் தர வேண்டும் என்பதும் இல்லை. ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் என யாருக்குத் தெரிந்தாலும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை; தன் நிறுவனத்தில் பணிபுரிபவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது. ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினால் 1098-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

ஸ்டேஷன் என்றாலே வயிற்றைக் கலக்கும் பயத்தைச் சட்டமும் கணக்கில் எடுத்திருக்கிறது. வாக்குமூலம் வாங்க போலீஸ்தான் குழந்தையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும். யூனிஃபார்மில் வரக்கூடாது, கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே வர வேண்டும். சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ குழந்தை நம்புகிற ஒருவரோ கூட இருக்கலாம். "எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்று கேட்டு அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் குளிப்பாட்டியிருந்தாலும் பரவாயில்லை, தயங்காமல் போங்கள்.

தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரி, கோர்ட் எங்கும் கூட வர ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். இப்படியொருவர் உண்டென்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை, கேட்டு வாங்குங்கள். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

குழந்தை வாய் திறந்து சொல்லும்போது, "நீ சொல்றத நம்புறேன். உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள். அத்தைக்கு ஒருமுறை, மாமாவுக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். 'நீதி வேண்டும்' என்ற கோபத்தில்கூட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

வாய்தா நாளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய் கூலியை விட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போவாள். அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு ஓர் ஆள் வேண்டும். சாயங்காலம் வாசலில் பாண்டி ஆடும் பிள்ளைகள் பாதிக்கப்பட்ட குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.