எஸ்.பி.எம். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்: பல்கலைக்கழகக் கணக்கு நான்காம் படிவத்தில் தொடங்குகிறது

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றி வரும். அடுத்து என்ன? பிள்ளை நல்ல தேர்ச்சி பெற்றிருப்பாள். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்திருப்பாள். குடும்பமே அந்த ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும். இடம் கிடைத்தால் கொண்டாட்டம். கிடைக்காவிட்டால் அடுத்த நாளே யாராவது ஒரு தனியார் கல்லூரி முகவர் வீட்டு வாசலில் நிற்பார். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பல ஆண்டுகள் கடன் கட்டும் குடும்பங்கள் தோட்டப்புறத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

இதற்குப் பிள்ளையின் திறமைக் குறைவு காரணம் இல்லை. திட்டமிட வேண்டிய நேரத்தில் திட்டமிடாமல் விட்டதே காரணம். இன்னொரு பக்கம், நான்காம் படிவத்திலிருந்தே பல்கலைக்கழகத்தை நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான். எந்த முடிவை எப்போது எடுக்க வேண்டும் என்ற தெளிவு.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

"நான் மருத்துவர் ஆக வேண்டும்" என்று ஒரு மாணவி சொல்கிறாள் என வைத்துக்கொள்வோம். அந்த இலக்கிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். எஸ்.டி.பி.எம். வழியாக மருத்துவம் படிக்க உயிரியல், வேதியியல் ஆகியவற்றோடு இயற்பியல் அல்லது கணிதத்திலும் குறைந்தது 'பி' நிலை வேண்டும். அது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அந்த இடங்களுக்குப் போட்டியிடுவோர் 4.00 புள்ளிக்கு அருகில் இருப்பார்கள். அந்தப் பாடங்களை உயர்நிலையில் படிக்க எஸ்.பி.எம்மில் அவற்றை எடுத்திருக்க வேண்டும். எஸ்.பி.எம்மில் எடுக்க நான்காம் படிவத்திலேயே அந்தப் பாடத் தொகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் படிவப் புள்ளிகளைப் பார்த்துத்தான் பல பள்ளிகள் அந்தத் தொகுப்பில் இடம் கொடுக்கின்றன.

ஆக, மருத்துவக் கல்வியின் முதல் வாசல் மூன்றாம் படிவத்தின் கடைசியில் திறக்கிறது. 2020ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. மாணவர்கள் பாடத் தொகுப்பைத் தேர்வு செய்கிறார்கள். இதனால் சுதந்திரம் கூடியிருக்கிறது. ஒரு பாடத்தை எடுக்காமல் விட்டால் பின்னால் எந்த வாசல் மூடும் என்பதை அறிந்து தேர்வு செய்யும் பொறுப்பும் கூடியிருக்கிறது. கூடுதல் கணிதம் கடினம் என்று கைவிடும் மாணவன், பொறியியல் பட்டப்படிப்புக்கான பாதையைத் தானே குறுக்கிக்கொள்கிறான். அதைக் கைவிடவே கூடாது என்பதில்லை. தெரிந்து கைவிட வேண்டும்.

மலாய்மொழியும் வரலாறும்

கனவு எதுவாக இருந்தாலும் இரண்டு பாடங்களில் கவனக்குறைவு கூடாது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. வரலாற்றுக்கு இந்த விதி 2013 முதல் நடப்பில் உள்ளது. அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு மலாய்மொழியில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும். இயற்பியலில் 'ஏ' எடுத்த மாணவன் மலாய்மொழியில் சறுக்கி நிற்பதைப் பார்த்த ஆசிரியர்கள் நிறைய உண்டு. அப்படிச் சறுக்கியவர்களுக்கு மறுதேர்வு எழுதும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்குள் அந்த ஆண்டின் விண்ணப்ப வாய்ப்புகள் கடந்து போயிருக்கும்.

ஒன்றல்ல, நான்கு வாசல்கள்

எஸ்.பி.எம். முடித்தவருக்கு முக்கியமாக நான்கு அரசாங்க வழிகள் உள்ளன.

முதலாவது மெட்ரிகுலேஷன். கல்வியமைச்சின் கீழ் நடக்கும் இந்தப் படிப்பைப் பெரும்பாலோர் ஓராண்டில் முடிக்கிறார்கள். தங்கும் விடுதியும் மாத அலவன்ஸும் உண்டு. செலவு மிகக் குறைவு. இதில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற ஒதுக்கீடு உள்ளது. இனப் பாகுபாடின்றி 10 'ஏ' அல்லது அதற்கு மேல் பெற்ற அனைவருக்கும் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். அதில் 'ஏ மைனஸ்' எப்படிக் கணக்கிடப்படும் என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது பாடங்கள் மட்டும் எழுதும் மாணவர் அனைத்திலும் 'ஏ' பெற்றாலும் 10 'ஏ' வராது என்பதை நான்காம் படிவத்திலேயே மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்கள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. பொதுப்பாடம் கட்டாயம். பெரும்பாலோர் அதனுடன் மூன்று பாடங்கள் எடுக்கிறார்கள். நம்மில் பலர் இதை "வேறு வழியில்லாதவர்களின் வழி" என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணம் மாற வேண்டும். எஸ்.டி.பி.எம். வெளிநாடுகளிலும் ஏற்கப்படும் தேர்வு. ஒரு பருவத்தில் சறுக்கினால் மறுதேர்வு எழுதலாம். பள்ளி பெரும்பாலும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும். கட்டணம் பெயரளவுக்குத்தான். மெட்ரிகுலேஷன் கிடைக்காத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு, கடன் இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் உறுதியான வழி இதுதான். கடினமான தேர்வு என்பது உண்மை. கடினமாகப் படித்த பழக்கம் பல்கலைக்கழகத்தில் கைகொடுக்கும் என்பதும் உண்மை.

மூன்றாவது டிப்ளோமா. 1969இல் ஈப்போவில் தொடங்கப்பட்ட உங்கு ஒமார் போலிடெக்னிக் தொடங்கி, நாடு முழுவதும் போலிடெக்னிக்குகள் உள்ளன. பொதுவாக எஸ்.பி.எம்மில் மூன்று கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். படிப்புக்கு ஏற்பக் கணிதம், அறிவியல் போன்ற நிபந்தனைகள் சேரும். டிப்ளோமா முடித்து வேலைக்குப் போகலாம், பட்டப்படிப்பையும் தொடரலாம். மலாக்காவில் உள்ள யூ.டி.இ.எம்., பெர்லிஸில் உள்ள யூனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய மாணவர்களுக்குப் பொருத்தமானவை. கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளையை இரண்டு ஆண்டுகள் தத்துவப் பாடங்களில் அடைத்து வைப்பதைவிட இந்த வழி நல்லது.

நான்காவது ஆசிரியர் பயிற்சிக் கழகம். எஸ்.பி.எம். முடித்த கையோடு விண்ணப்பித்து, ஆயத்தப் படிப்பையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளில் இளங்கலைப் பட்டத்துடன் ஆசிரியராகலாம். தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் இந்த வழியாகவே பெரும்பாலும் வருகிறார்கள். இதற்கு எஸ்.பி.எம்மில் தமிழ்மொழிப் பாடம் எடுத்து நல்ல தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சுமை என்று கருதித் தமிழைக் கைவிடும் மாணவர், பத்தாவது பாடத்தையும் இந்த வாசலையும் ஒன்றாக இழக்கிறார்.

திட்டம் என்பது இந்த நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதல்ல. மூன்றையாவது வரிசைப்படுத்தி வைப்பது. முதலாவது கிடைக்காத அன்று இரண்டாவது எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால், முகவரின் பேச்சுக்கு வேலை இருக்காது.

அந்தப் பத்து விழுக்காடு

அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பங்களை யு.பி.யு. பிரிவு கவனிக்கிறது. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. பத்துதானே என்று அலட்சியமாக விடுவோருக்கு ஒரு சின்னக் கணக்கு.

எஸ்.டி.பி.எம்மில் 3.50 பெற்ற இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். 3.50ஐ 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 78.75 வரும். ஒருவர் புறப்பாடத்தில் 8 பெற்றிருந்தால் மொத்தம் 86.75. மற்றவர் 4 பெற்றிருந்தால் 82.75. அந்த நான்கு புள்ளியைப் படிப்பின் மூலம் ஈடுகட்ட இரண்டாமவர் ஏறக்குறைய 3.68 எடுத்திருக்க வேண்டும். அது பல மாத உழைப்பு.

புறப்பாடப் புள்ளி கடைசி மாதத்தில் சேர்க்க முடியாத ஒன்று. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் வருகை, பதவி, போட்டிகளில் பங்கேற்பு எல்லாம் கணக்கில் வருகின்றன. தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு மாலை நேர நடவடிக்கை முடிந்து வீடு திரும்ப வண்டி இல்லை என்பது உண்மையான சிக்கல். இரண்டு மூன்று பெற்றோர்கள் சேர்ந்து முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றி வந்தால் இதைச் சமாளிக்கலாம். பள்ளியிடமும் சொல்லி வையுங்கள். சான்றிதழ்களை ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

பணமும் பத்திரங்களும்

பி.டி.பி.டி.என். கல்விக் கடன் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. அது கடன், உதவித்தொகை அல்ல. முதல்தரத் தேர்ச்சி பெறுவோருக்கு விதிகளுக்கு உட்பட்டுக் கடனைத் திரும்பச் செலுத்துவதிலிருந்து விலக்கு உண்டு. தனியார் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் இந்தக் கடன் ஈடுகட்டும் என்று யாராவது சொன்னால், கல்லூரியின் மொத்தக் கட்டணத்தையும் கடன் தொகையையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். இடைவெளியை யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அதன் இணையப் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். வெளிநாட்டு மருத்துவக் கல்வி என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்துள்ளதா என்று பார்ப்பது கட்டாயம்.

ஜே.பி.ஏ., பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ் போன்றவை உபகாரச் சம்பளம் வழங்குகின்றன. எஸ்.பி.எம். முடிவுக்குப் பிந்தைய விண்ணப்பக் காலம் மிகக் குறுகியது. முடிவு வந்த பிறகு விவரம் தேடத் தொடங்கினால் பிந்திவிடும். மித்ராவும் மாநில அரசுகளும் அவ்வப்போது உயர்கல்வி உதவிகளை அறிவிக்கின்றன. சிலாங்கூர் மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே உதவித் திட்டம் உள்ளது.

எந்த உதவிக்கும் பத்திரங்கள் வேண்டும். பெற்றோரின் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள். பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை இருந்தாலோ, குடியுரிமைச் சிக்கல் இருந்தாலோ ஐந்தாம் படிவம் வரை தள்ளிப்போடாதீர்கள். தேசியப் பதிவு இலாகா வேலை ஒரு வாரத்தில் முடிவதில்லை. நல்ல தேர்ச்சி பெற்றும் பத்திரம் இல்லாமல் நின்றுபோகும் பிள்ளைகள் நம் சமூகத்தில்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

கனவு பாரமாகும்போது

திட்டமிடுவது வேறு, எந்நேரமும் அதையே நினைத்துக் கவலைப்படுவது வேறு. நள்ளிரவு வரை கைப்பேசியில் பல்கலைக்கழகங்களின் பக்கங்களைப் பார்த்துவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கி வழியும் மாணவர்கள் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வரும் படிப்பைப் பற்றி எல்லாம் தெரியும், அடுத்த வாரத்துச் சோதனைக்கான பாடம் தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அது பயம். "எனக்குக் கிடைக்காவிட்டால் அப்பா அம்மா என்ன நினைப்பார்கள்?" என்ற பயம்.

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும். அன்று மட்டும் உயர்கல்வியைப் பற்றிக் குடும்பமாகப் பேசுங்கள். விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மற்ற நாட்களில் அன்றைய பாடம் மட்டும். படிக்காத பெற்றோர் என்று ஒதுங்க வேண்டாம். மெட்ரிகுலேஷன் விதிகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் "இது கிடைக்கலேன்னா அடுத்தது இருக்கு, பயப்படாதே" என்று சொல்ல உங்களால்தான் முடியும். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாருடனும் பேசாமல் இருந்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். அவரிடம் போவது அவமானம் இல்லை.

இந்த மாதமே செய்யக்கூடியவை

நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளை உள்ள வீட்டில் நான்கு காரியங்களை இம்மாதமே முடிக்கலாம். பிள்ளை எடுத்திருக்கும் பாடங்களையும், அவை திறக்கும் வழிகளையும் ஆலோசக ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். புறப்பாடச் சான்றிதழ்களையும் குடும்பப் பத்திரங்களையும் ஒரு கோப்பில் சேருங்கள். மூன்று வாசல்களை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஆறாம் படிவம் உள்ள பள்ளி எது, பக்கத்துப் போலிடெக்னிக் எது என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

விண்ணப்பத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றைப் புலனக் குழுக்களில் வரும் செய்தியை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், யு.பி.யு., கல்வியமைச்சு ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ அகப்பக்கங்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.