குருந்தம்: ஒரு கனிமப் பெயரின் மூலம்

மோவின் கடினத்தன்மை அளவுகோலில் வைரத்திற்கு அடுத்த 9ஆம் நிலையில் நிற்பது, அலுமினிய ஆக்சைடாலான 'கொரண்டம்' என்னும் படிகக் கனிமம். மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. சிறிதளவு குரோமியம் கலப்பின் சிவக்கும், இரும்பும் டைட்டானியமும் சேரின் நீலமாகும்.

இப்பெயரை எழுதுங்கால் நம் மாணவர் பலர் ஆங்கில ஒலிப்பையே பின்பற்றக் காண்கிறோம். ஆயின் அவ்வாங்கிலச் சொல் தமிழ்க் 'குருந்தம்' என்பதன் திரிபேயாகும். மணிகளை மெருகிடவும் சாணைக்கல் செய்யவும் தென்னிந்தியக் கைவினைஞர் இக்கல்லைப் பயன்படுத்தினர். சார்லசு கிரெவில் 1798இல் இலண்டன் அரச கழகத்தில் இதுபற்றிக் கட்டுரை வழங்கியபின், ஐரோப்பியக் கனிமவியலில் இப்பெயர் நிலைபெற்றது. இதனோடு தொடர்புடைய வடமொழிக் 'குருவிந்தம்' மாணிக்கத்தைக் குறிக்கும்.

எனவே, 'குருந்தம்' என எழுதுவது புதுச்சொல்லாக்கம் அன்று. கடன் கொடுத்த சொல்லை நாம் மீளப் பெறுவதேயாம்.