"செடிதானே மச்சான்!" - சென்னைக்குள் வரும் 'ஓ.ஜி' கஞ்சா... ஒரு பையைச் சுமந்தால் என்ன ஆகும்?

நந்தனம் சிக்னல் பக்கத்தில் ஒரு டீக்கடை. மெட்ரோவிலிருந்து இறங்கி ஆபீஸ் போகும் வழியில் நான் தினமும் நிற்கும் இடம். போன வாரம் பக்கத்தில் நின்ற இரண்டு பையன்களின் பேச்சு காதில் விழுந்தது.

"பாங்காக் டிரிப்டா. டிக்கெட், ரூம் எல்லாம் ஃப்ரீ. வரும்போது ஒரு பேக் மட்டும் எடுத்துட்டு வரணுமாம்."

"பேக்ல என்ன?"

"ஓ.ஜி-யா இருக்கும். செடிதானே மச்சான்... தங்கமா கடத்தறோம்?"

இருவருக்கும் இருபது வயதுகூட இருக்காது. சிரித்தபடியே போய்விட்டார்கள். எனக்குத்தான் டீ இறங்கவில்லை. அந்தச் 'செடி' என்ன, அந்தப் பையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அது என்ன ஓ.ஜி?

'ஓ.ஜி குஷ்' என்பது 1990-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் பிரபலமான ஒரு கலப்பினக் கஞ்சா ரகம். 'குஷ்' என்பது இந்துகுஷ் மலைத்தொடரைக் குறிக்கும் பெயர். எந்தெந்தச் செடிகளைக் கலந்து அது உருவானது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எலுமிச்சை, பைன் மரம், பெட்ரோல் மூன்றும் கலந்தது போன்ற காட்டமான வாடை அதன் அடையாளம்.

நம் ஊரில் கதையே வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் உயர்ரகக் கஞ்சா எதுவாக இருந்தாலும் அதற்கு 'ஓ.ஜி' என்றே பெயர். பொட்டலத்துக்குள் இருப்பது எந்த ரகம் என்பது விற்பவருக்கே தெரியாது!

கலப்பினம் எப்படி உருவாகிறது?

கஞ்சாச் செடிக்கு 1753-ல் 'கன்னாபிஸ் சட்டைவா' என்று பெயர் வைத்தவர் லின்னேயஸ். 1785-ல் இந்தியாவிலிருந்து போன செடிகளைப் பார்த்து, 'கன்னாபிஸ் இண்டிகா' என்று இன்னொரு பெயர் வைத்தார் லமார்க். சட்டைவா எனப்படுவது உயரமாக, மெல்லிய இலைகளோடு வளரும். பூக்க அதிக நாளாகும். இண்டிகா குட்டையாக, புதர் போல அடர்ந்து, சீக்கிரம் பூத்துவிடும். ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்து, பிடித்த குணங்கள் உள்ள கன்றுகளை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தால் கலப்பினம் தயார். தக்காளி, கத்திரியில் வீரிய ரகம் உருவாக்கும் அதே வேலைதான். அங்கே விளைச்சலுக்காகச் செய்வதை, இங்கே போதைக்காகச் செய்கிறார்கள்.

பப்பாளியைப் போல கஞ்சாவிலும் ஆண், பெண் செடிகள் தனித்தனி. மகரந்தம் சேராத பெண் பூவில் விதை பிடிக்காது, பிசின்தான் அதிகம் ஊறும். அந்தப் பிசினில்தான் டி.ஹெச்.சி என்ற போதைப்பொருள் இருக்கிறது. அதனால், பெரிய பண்ணைகளில் ஆண் செடிகளுக்கு இடமே கிடையாது. ரோஜாக் குச்சியை நட்டு வளர்ப்பது போல, தேர்ந்த தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைக்கிறார்கள். இப்படி வரும் ஒவ்வொரு செடியும் தாயின் அச்சு அசல்.

சாமந்தி மாதிரியே இதுவும் இரவு நீளும்போது பூக்கும் செடி. மூடிய அறைக்குள் விளக்கை வைத்துப் பகல், இரவை மாற்றினால் எந்த மாதத்திலும் பூக்கும். மண் இல்லாமல், சத்துகள் கலந்த நீரிலேயே வளர்ப்பதால், சுங்கத்துறை இதை 'ஹைட்ரோபோனிக் கஞ்சா' என்கிறது.

இயற்கைதானே?

அமெரிக்காவில் 1995-ல் பிடிபட்ட கஞ்சாவில் டி.ஹெச்.சி சராசரியாக 4 சதவிகிதம். 2021-ல் அது 15 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. செடி அதேதான், மனிதன் அதன் வீரியத்தை ஏறக்குறைய நான்கு மடங்காக்கிவிட்டான்.

2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு அது. 10 சதவிகிதமும் அதற்கு மேலும் டி.ஹெச்.சி உள்ள கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு, கஞ்சாவைத் தொடாதவர்களைவிட மனச்சிதைவு போன்ற பாதிப்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது அது. மூளையின் வளர்ச்சி இருபதுகளின் மத்தியில்தான் முழுமை அடைகிறது. டீக்கடையில் பார்த்த பையன்கள் அந்த வயதைத் தொடவே இல்லை.

இதே செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி, தீவிரமான சிலவகை வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது உண்மை. ஆனால், சி.பி.டி போதை தராது. டாக்டர் எழுதித் தரும் அளவான மருந்தும் டிராலி பேக்கில் வரும் பொட்டலமும் ஒன்றல்ல.

'குருவி'கள் மாட்டும் இடம்

2022 ஜூனில் தாய்லாந்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று பிடியை இறுக்கியது. இடைப்பட்ட காலத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளிடம் சென்னை விமான நிலையத்தில் ஹைட்ரோபோனிக் கஞ்சா திரும்பத் திரும்பப் பிடிபட்டது. காற்றுப் புகாமல் அடைத்து, சாக்லேட், பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

சுமந்து வருபவரை 'குருவி' என்பார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ. ஆனால், விமான நிலையத்தில் கைதாவது குருவிதான்.

"அங்கே கடையிலேயே விற்கிறார்களே" என்ற வாதம் மீனம்பாக்கத்தில் எடுபடாது. 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு நாட்டுக் கஞ்சா, ஓ.ஜி என்ற வித்தியாசம் இல்லை, எடைதான் கணக்கு.

* 1 கிலோவுக்குள்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* 1 கிலோ முதல் 20 கிலோ வரை: 10 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
* 20 கிலோவுக்கு மேல்: குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் 20 வருடம். அபராதம் 1 முதல் 2 லட்சம். ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம்.

ஒரு பெரிய சூட்கேஸில் 20 கிலோ அடங்கிவிடும். "உள்ளே என்ன இருந்ததுன்னு தெரியாது சார்" என்றால், தெரியாது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. மாடித்தோட்டத் தொட்டியில் ஆசைக்கு ஒரு செடி வைத்தாலும் 10 வருடம் வரை தண்டனைக்கு இடமுண்டு.

பெற்றோர் கவனத்துக்கு...

வேலை இல்லாத பிள்ளைக்குத் திடீரென யாரோ வெளிநாட்டு டிரிப் போட்டுத் தருகிறார் என்றால், டிக்கெட் எடுத்தது யார், திரும்பும்போது யாருடைய பை என்ற இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்.

பழக்கம் தொடங்கிவிட்டது தெரிந்தால் அடிக்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. கடத்தல் பற்றித் தகவல் சொல்ல 1933. அடையாறு பக்கம் இந்திரா நகரில் டி.டி.கே மருத்துவமனை 1980-லிருந்து போதை மீட்பு சிகிச்சை தருகிறது. சிறிய அளவோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் அதே சட்டத்தில் 64-ஏ பிரிவு இருக்கிறது. தடுமாறியவர் திரும்பி வரச் சட்டமே வைத்திருக்கும் கதவு அது.

இன்று காலையும் அதே டீக்கடையில் நின்றேன். அந்தப் பையன்களைக் காணவில்லை. இந்தக் கட்டுரை அவர்கள் போனுக்கு யார் மூலமாவது போய்ச் சேர வேண்டும். உங்களுக்குத் தெரிந்த 'பாங்காக் டிரிப்' தம்பி யாராவது இருந்தால், இப்போதே அனுப்பிவிடுங்கள்.