தலைநகரைச் சுற்றிச் செல்லும் சாலையும் கரிசல் விவசாயியும்

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் வட்டாரங்களில் மானாவாரியாக விளையும் மிளகாய் வத்தலும் உளுந்தும் பாசிப்பயறும் நமது ஊர்ச் சந்தையோடு நின்றுவிடுவதில்லை என்பதை யாவரும் அறிவர். அவற்றில் பெரும்பகுதி விருதுநகர்க் கிட்டங்கிகளுக்குச் சென்று, அங்கிருந்து லாரியேறிச் சென்னைக்கும் அதற்கப்பாலும் போகின்றது. கோவில்பட்டித் தீப்பெட்டிக்கும் அதே வழிதான். ஆகவே, 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் சுங்கச் சாலைகளைப் பற்றி நமது பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் சிறிது அறிந்துகொள்வது பொருத்தமே. “பட்டணத்துக்காரர்கள் போடும் ரோட்டுக்கும் நமது வத்தல் மூட்டைக்கும் என்ன சம்பந்தம்?” என்று கிராம சபைகளில் நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சம்பந்தம் இரண்டு வகையில் இருக்கிறது. ஒன்று வண்டிச் சத்தத்தில், மற்றொன்று நிலத்தில்.

தென்மாவட்டங்களிலிருந்து செல்லும் வாகனங்கள் அனைத்தும் செங்கல்பட்டைத் தாண்டி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று ஒரே வாயிலில் போய் நெருங்குவது நெடுநாளைய வழக்கம். சென்னைக்குப் போய்வந்தவர்கள் அந்த நெரிசலை அறிவார்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டதற்கும் இதுவே முக்கிய காரணம். பேருந்தின் கதி இவ்வாறென்றால், லாரியின் கதியைக் கேட்க வேண்டியதில்லை. நகருக்குள் கனரக வண்டிகள் நுழையத் தடை நேரங்கள் உண்டு. வடக்கே துறைமுகத்துக்கோ ஆந்திர எல்லைக்கோ போகவேண்டிய லாரி, நகரில் அதற்கு ஒரு வேலையும் இல்லாதபோதும், தடை நீங்கும்வரை ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் செலவு லாரிக்காரரின் கணக்கில் தொடங்கி, கமிஷன் மண்டியின் கணக்கு வழியாக, கடைசியில் விளைவித்தவரின் கணக்கில்தான் வந்து இறங்குகிறது.

இதற்குப் பரிகாரமாக நகரைச் சுற்றி அடுத்தடுத்து வளையங்களாகச் சாலைகள் அமைக்கப்பட்டன. ஜவஹர்லால் நேரு சாலை என்னும் உள்வட்டச் சாலை ஊர் வளர்ந்தபோது ஊருக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. பின்னர், பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் பக்கம் சேரும் சென்னைப் புறவழிச்சாலை, சுமார் 32 கிலோமீட்டர் நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தால் அமைக்கப்பட்டது. வானகரத்திலும் சூரப்பட்டிலும் அதற்குச் சுங்கச் சாவடிகள் உள்ளன. அதுவும் போதாமற்போகவே, வண்டலூரில் தொடங்கி நசரத்பேட்டை, நெமிலிச்சேரி, நல்லூர் வழியாக மீஞ்சூர்வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையை மாநில அரசு அமைத்தது. முதற்பகுதி 2014இலும், எஞ்சிய பகுதி 2021இலும் திறக்கப்பட்டன. திருச்சிச் சாலை, பெங்களூர்ச் சாலை, திருப்பதிச் சாலை, கல்கத்தாச் சாலை ஆகிய நான்கையும் ஒரு மாலைபோல் இது கோக்கிறது. இதற்கும் வெளியே, எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிவரை சுமார் 133 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லைச் சாலைக்கான பணிகள் பகுதி பகுதியாக நடந்து வருகின்றன. வளையம் போடப் போட நகரம் அதைத் தாண்டி வளர்வதும், மறு வளையம் தேவைப்படுவதும் உலகெங்கும் காணும் விஷயமே.

இனிச் சுங்கம். இது நமக்குப் புதிதன்று. ஜில்லா போர்டுகளின் நாளிலும் சாலைச் சுங்கம் இருந்தது. திருச்சியருகே ‘நம்பர் ஒன் டோல்கேட்’ என்ற ஊர்ப்பெயரில் அதன் ஞாபகம் இன்றும் நிற்கிறது. தற்போதைய தேசிய நெடுஞ்சாலை விதிகள் 2008ஆம் ஆண்டில் ஏற்பட்டவை. வண்டியின் வகையையும் சாலையின் நீளத்தையும் பொறுத்துக் கட்டணம் அமையும். ஆண்டுதோறும் 3 விழுக்காடும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் சேர்த்துக் கட்டணம் திருத்தப்படுகிறது. ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்துக்குள், போய்த் திரும்புவோர் இருமடங்கு கட்டவேண்டியதில்லை. ஒன்றரை மடங்கு போதும். இருசக்கர வாகனம், டிராக்டர், மாட்டுவண்டி ஆகியவற்றுக்குக் கட்டணமில்லை. ஆனால் பக்கத்தில் சேவைச் சாலையோ மாற்றுச் சாலையோ இருந்தால், டிராக்டரும் மாட்டுவண்டியும் பெருஞ்சாலையில் ஏறக்கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. இதனைப் பலர் கவனிப்பதில்லை. 2021 பிப்ரவரி முதல் ‘பாஸ்டாக்’ வில்லை கட்டாயமாகியிருப்பதால், அது இல்லாத வண்டி கூடுதல் கட்டணம் செலுத்த நேரும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு லாரியில் 10 டன் வத்தல் ஏறுகிறது என்றும், வழிநெடுகச் சுங்கம் 3,000 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், குவிண்டாலுக்கு விழுவது 30 ரூபாய். அதே ஊரில் ஒருவர் தனியாகச் சிறு வண்டி பிடித்து ஒரு டன் மட்டும் அனுப்பி, அதற்குச் சுங்கம் 1,000 ரூபாய் என்றால், குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஆகிவிடுகிறது. சிறு வண்டிக்குக் கட்டணம் குறைவு என்பது கேட்க நன்றாயிருக்கும். மூட்டைக் கணக்கில் அதுவே அதிகம். உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து முழு லாரிப் பாரம் ஏற்றுவதில் உள்ள லாபம் இதில் தெளிவாகிறது. அனுப்பும்போது வண்டி நகருக்குள் போகிறதா, வெளிவட்டச் சாலையைச் சுற்றி வடக்கே போகிறதா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. சுற்றிப் போகாத வண்டிக்கு அந்தச் சுங்கத்தைப் பட்டியலில் சேர்க்க நியாயமில்லையே!

நிலத்தைப் பற்றிய விஷயம் இதனினும் முக்கியமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், வெளிவட்டச் சாலையை ஒட்டிய வரதராஜபுரம், முடிச்சூர் பகுதிகள் நீரில் மூழ்கின. சாலை ஒன்றே காரணம் என்று நாம் கூறமாட்டோம். அடையாற்றின் வெள்ளம் பரவும் தாழ்நிலங்களில் வீட்டுமனைகள் பெருகியிருந்தன. ஆயினும் உயர்த்திக் கட்டிய சாலை ஒரு கரைபோல் நிற்கும் என்பதை மறுப்பதற்கில்லை. கரிசல் காட்டில் இது இன்னும் கடுமை. நமது மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஆதலால் இங்கே நல்ல சாலை போடுபவர்கள் செம்மண்ணும் சரளையும் கொட்டி, மேட்டை உயர்த்தியே போடவேண்டியிருக்கிறது. நமது புஞ்சைகளிலோ மழைநீர் ஓடையில் மட்டும் ஓடுவதில்லை; காடு முழுவதும் பரவி வைப்பாற்றை நோக்கி நகர்கிறது. குறுக்கே மேடு எழுந்தால், மேற்குப் புறத்தில் தேங்கிப் பயிர் அழுகும். கிழக்குப் புறத்தில் கண்மாய்க்கு வரத்து அற்றுப்போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நமது மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையைக் கண்ட பிறகு, ‘எப்போதும் வறண்ட பூமிதானே, பாலம் எதற்கு’ என்று எவரும் சொல்ல இயலாது. அளவை செய்ய வரும் பொறியாளருக்கு வரைபடத்தில் ஓடை தெரியும். நீர் எங்கே பரவும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். பஞ்சாயத்தார் அவ்விடங்களைச் சர்வே எண்ணுடன் குறித்துக் கொடுத்துச் சிறுபாலம் கேட்கவேண்டும். சாலை முடிந்தபின் கேட்டால் மனு மட்டும் மிஞ்சும்.

நிலம் எடுக்கப்படுமானால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. அரசின் வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்து நிலங்களுக்கு முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் உயர்ந்த விலையுள்ள பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதனை எடுத்துக்கொள்வர். கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பும் சேரும். அதன்மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகையும் உண்டு. இங்கேதான் நமது பழக்கம் நமக்கே பகையாகிறது. முத்திரைச் செலவை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுகிறோம். ஊரில் பத்துப் பேர் அவ்வாறு எழுதினால், பதினொன்றாமவரின் நிலத்துக்கும் அதுவே சாட்சியாக வந்து நிற்கும். பட்டா பாட்டனார் பெயரிலேயே கிடப்பதும், பங்காளிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு உழுவதும் இப்பகுதியில் சாதாரணம். இழப்பீட்டுப் பணம் வரும்போது, அந்தக் குடும்பங்கள் வாரிசுச் சான்றுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து ஓய்கின்றன. பட்டா மாறுதலைச் சாலை வரும்வரை தள்ளிவைக்க வேண்டாம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலமெடுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் அறிவிக்கை அரசிதழில் வெளியாகும். அதன் சாரம் இரு செய்தித்தாள்களில் வரும், ஒன்று தமிழில். ஆட்சேபம் தெரிவிக்க உள்ள காலம் 21 நாள். அறிவிக்கை வெளியான நாள் முதலே அது எண்ணப்படும். செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த நாள் முதல் அல்ல. ஆகையால், செய்தித்தாளில் அத்தகைய அறிவிக்கை காணப்பட்டால், பஞ்சாயத்து அலுவலகத்தில் அன்றைக்கே அதனை ஒட்டி, அதில் கண்ட சர்வே எண்களைத் தண்டோராப் போட்டேனும் தெரிவித்துவிட வேண்டும். வெளியூரில் தீப்பெட்டி ஆபீசுக்கும் கட்டட வேலைக்கும் போயிருக்கும் பட்டாதாரர்களுக்குச் சொல்லியனுப்பவே ஒரு வாரம் பிடிக்கும்.