ஒலிம்பிஸ்கியில் எழுந்த சீழ்க்கை

கூண்டும் வளையமும் – 9

2011 ஜூலை 30. சிகாகோவுக்கு அருகே நடந்த போட்டியில், முதல் ரவுண்ட் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில், டான் ஹெண்டர்சனின் குத்து ரஷ்ய வீரர் ஃபெதோர் எமெலியானென்கோவைத் தரையில் குப்புறத் தள்ளியது. தொடர்ச்சியாக மூன்றாவது தோல்வி. 2000 டிசம்பரில் ஜப்பானில் புருவம் கிழிந்து மருத்துவர் நிறுத்திய ஒரு சண்டையைத் தவிர்த்தால், 2010 ஜூன் வரை ஒன்பதரை ஆண்டுகள் அவர் யாரிடமும் தோற்றதில்லை. இப்போது ஓராண்டுக்கு மேல் வெற்றியே இல்லை. அவர் ஆடிவந்த ஸ்டிரைக்ஃபோர்ஸ் நிறுவனத்தை அதற்குள் அதன் போட்டியாளரான யூ.எஃப்.சி. வாங்கிவிட்டது. புதிய முதலாளிகள் ஃபெதோரை விடுவித்தார்கள். அமெரிக்கக் கதவு மூடிக்கொண்டது.

அவர் ரஷ்யாவுக்குத் திரும்பினார். அந்த நவம்பரில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிந்த ஏழு மாதங்கள்தான் இந்த வாரக் கதை. ரஷ்யாவில் எம்.எம்.ஏ. எனும் கலப்புச் சண்டையை வீட்டுக்குள் அழைத்துவந்தது அந்தப் பருவம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டுக்குள் வந்ததும் அதன் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதுவரை ரஷ்யா சண்டைக்காரர்களை உருவாக்கி வெளியே அனுப்பும் நாடாகவே இருந்தது. சோவியத் காலத்து விளையாட்டுப் பள்ளிகள் மல்யுத்தம், ஜூடோ, சாம்போ மூன்றையும் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்திருந்தன. சாம்போ 1938 நவம்பர் 16 அன்று அரசின் ஆணையால் அதிகாரப்பூர்வ விளையாட்டானது. டோக்கியோவின் கோடோகான் பள்ளியில் ஜூடோ கற்றுவந்து அதற்கு அடித்தளமிட்டவர் வசீலி ஒஷ்செப்கோவ். அந்த ஆணை வருவதற்கு ஓராண்டு முன்பே அவர் கைதாகி, மாஸ்கோவின் புத்தீர்கா சிறையில் இறந்துபோனார். தான் வளர்த்த கலையை அரசு தத்தெடுத்ததை அவர் பார்க்கவில்லை.

1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் நின்றது, கூடங்களுக்கு வெப்பம் நின்றது, உடலில் ஏறிய கலை மட்டும் மிஞ்சியது. அதை விற்கும் சந்தை ஜப்பானில் இருந்தது. தாகெஸ்தானைச் சேர்ந்த சாம்போ வீரர் மகமெத்கான் கம்ஸாத்கானவ், வோல்க் ஹான் என்ற பெயரில் ஜப்பானின் ரிங்ஸ் அமைப்பில் மேடையேறிப் புகழ்பெற்றார். அதே ரிங்ஸின் ரஷ்யக் கிளை வழியாகத்தான் 2000-ஆம் ஆண்டில் ஃபெதோரும் போனார். பெல்கரோத் மாகாணத்தின் சுரங்க நகரமான ஸ்தாரி ஒஸ்கோலில் வளர்ந்தவர். அப்பா வெல்டர், அம்மா ஆசிரியை. ராணுவத்தில் தீயணைப்புப் பணி. ஊருக்குத் திரும்பியபோது கையில் பணமில்லை. 2003 மார்ச்சில் அவர் ப்ரைட் அமைப்பின் ஹெவிவெயிட் பெல்ட்டை வென்றபோது கொண்டாடியது ஜப்பான். ரஷ்யாவில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

உள்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1995-இலேயே மாஸ்கோவில் ஒரு பெரும் போட்டி நடந்தது. பிரேசிலின் ரிகார்டோ மொராயிஸ் வந்து கோப்பையை எடுத்துப் போனார். 1997-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த தொழிலதிபர் வதீம் ஃபிங்கல்ஸ்டீன் எம்-1 அமைப்பைத் தொடங்கினார். பிடிவாதக்காரர். 2009-இல் ஃபெதோரைக் கேட்டு யூ.எஃப்.சி. வந்தபோது, போட்டியைக் கூட்டாக நடத்தினால்தான் உண்டு என்று நின்று பேச்சை முறித்தவர். அந்தப் பிடிவாதத்தால் ஃபெதோர் தன் சிறந்த வயதில் யூ.எஃப்.சி. கூண்டுக்குள் இறங்கவே இல்லை என்பது ரசிகர்களின் நீண்டகால மனக்குறை. எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் அதே மனிதர் அந்த அமைப்பை விடாமல் பிடித்துவைத்திருந்ததால்தான், வெளியே எல்லாம் கைவிட்டுப் போனபோது ஃபெதோருக்கு ஆட ஓர் இடம் இருந்தது.

2011 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாஸ்கோ ஒலிம்பிஸ்கி அரங்கம். 1980 ஒலிம்பிக்கிற்காகக் கட்டப்பட்ட மாபெரும் கூடம், அன்று நிரம்பி வழிந்தது. ரஸ்ஸியா-2 தொலைக்காட்சி நேரலையில் காட்டியது. எதிராளி அமெரிக்காவின் ஜெஃப் மான்சன். வயது 40. குட்டையான, பாறைபோன்ற உடல், அதன் மேல் அரசற்றோர் கொள்கையைச் சொல்லும் பச்சைக் குத்தல்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் அந்தக் கொள்கைச் சின்னத்தை வரைந்து தண்டனை பெற்றவர். பிடிச்சண்டையின் உலகப்போட்டியான ஏ.டி.சி.சி.யில் 1999-இலும் 2005-இலும் வென்றவர். தரைக்குக் கொண்டுபோனால் ஆபத்தான ஆள்.

ஃபெதோர் தரைக்கே போகவில்லை. சாம்போவில் உலக சாம்பியனான அவர் அன்று முழுக்க நின்றபடியே ஆடினார். எட்ட நின்று குத்து, உடனே தொடையிலும் கெண்டைக்காலிலும் உதை, மறுபடி விலகல். முதல் ரவுண்டிலேயே மான்சனின் கால் எலும்பு முறிந்துவிட்டது. உதடு பிளந்து ரத்தம் நிற்காமல் வழிந்தது. மீதி இரண்டு ரவுண்டுகள், பத்து நிமிடங்கள், அந்தக் காலோடு அவர் நின்றார். விழுந்தார், எழுந்தார், ஃபெதோரின் இடுப்பைப் பிடிக்க மறுபடி முன்னால் வந்தார். மூன்று நடுவர்களும் ஃபெதோருக்கே புள்ளி கொடுத்தார்கள். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனாலும் அந்தச் சண்டையைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் என் கண் போவது தோற்றவர் பக்கம்தான். கோட்பாட்டில் எந்த அரசையும் ஏற்காத மனிதர், உடல் நொறுங்கியும் மணி அடிக்கும்வரை தன் இடத்தை விட்டு நகரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாறானது. முன்வரிசையில் இருந்த பிரதமர் விளாதிமிர் புதின் வளையத்துக்குள் ஏறினார். இளமையில் லெனின்கிராதில் சாம்போவும் ஜூடோவும் பழகியவர். இத்தகைய மேடை அவருக்குப் புதிதல்ல. 2007 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபெதோர் அமெரிக்கர் மேட் லிண்ட்லாண்டை வென்றபோதும், இத்தாலியின் பெர்லுஸ்கோனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முன்வரிசையில் இருந்தார். ஆனால் இந்தத் தடவை, மைக்கை வாங்கி ஃபெதோரை அசல் ரஷ்ய மாவீரன் என்று வாழ்த்தத் தொடங்கியதும், அரங்கின் மேல் அடுக்குகளிலிருந்து சீழ்க்கை கிளம்பியது. கூச்சலும் சேர்ந்தது. ஒரு கணம் தயங்கி, பேச்சை முடித்துக்கொண்டு இறங்கினார். நேரலையில் எல்லாம் கேட்டது. பிந்தைய செய்திகளில் அந்த ஒலி வெட்டப்பட்டிருந்தது. அதற்குள் இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள்.

விளக்கங்கள் வந்தன. தோற்று வெளியேறும் மான்சனைப் பார்த்துத்தான் ரசிகர்கள் கத்தினார்கள் என்றது பிரதமர் தரப்பு. கழிப்பறை வரிசை நீளமாக இருந்ததால் எரிச்சல் என்று ஆளுங்கட்சி ஆதரவு இளைஞர் அமைப்பிலிருந்து இன்னொரு குரல். அப்போது ரஷ்யர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மான்சனின் ஃபேஸ்புக் பக்கத்தில் திரளாக நுழைந்து, நாங்கள் உங்களைப் பார்த்துக் கத்தவில்லை, நீங்கள் வீரமாக ஆடினீர்கள், எங்கள் கோபம் வேறு ஆள்மேல் என்று எழுதிக் குவித்தார்கள். ஒரு சண்டை ரசிகர் கூட்டம் தோற்ற வெளிநாட்டானிடம் இத்தனை பண்போடு பேசியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த செப்டம்பர் 24 அன்றுதான் புதினும் அதிபர் மெத்வெதேவும் பதவிகளை மாற்றிக்கொள்வதாக ஆளுங்கட்சி மாநாட்டில் அறிவித்திருந்தார்கள். ஓட்டு போட வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. ஒலிம்பிஸ்கி சீழ்க்கைக்கு இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 4 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியின் 315 இடங்கள் 238 ஆகக் குறைந்தன. அந்த 238-உம் முறைகேட்டால் வந்தவை என்று டிசம்பர் 10 அன்று மாஸ்கோவின் பலோத்னயா சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள்.

இதில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்று. ஃபெதோரே ஆளுங்கட்சிக்காரர். 2010 அக்டோபரில் அந்தக் கட்சியின் சார்பில் பெல்கரோத் மாகாண அவைக்குத் தேர்வானவர். அரங்கம் அதை அறியும். அறிந்தும் அவரை வாழ்த்தியது. அவருடைய தலைவரை வாழ்த்தவில்லை. ஃபெதோருக்குத் தந்தது, அவர் வாங்கிய குத்துகளுக்கும் பத்தாண்டு உழைப்புக்கும் தந்த மரியாதை. அதைக் கடன்வாங்கிக்கொள்ள இன்னொருவர் மேடையேறியபோது கூட்டம் தர மறுத்தது.

அதன்பின் பருவம் வேகமாக ஓடியது. டிசம்பர் 31 அன்று ஜப்பானின் சைதாமாவில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ தங்கம் வென்ற சதோஷி இஷீயை ஃபெதோர் முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் செய்தார். மூன்று வாரம் கழித்து, 2012 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், தாகெஸ்தானின் மலைக்கிராமத்தில் பிறந்த 23 வயது இளைஞர் ஒருவர் யூ.எஃப்.சி.யில் முதல் சண்டை ஆடினார். எம்-1 மேடைகளிலும் உள்நாட்டுச் சிறு போட்டிகளிலும் தோல்வியே காணாமல் வளர்ந்தவர். கமால் ஷாலோருஸைப் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டி மூன்றாவது ரவுண்டில் பணியவைத்தார். கபீப் நுர்மகமேதவ் என்ற பெயரை அன்று மாஸ்கோவில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. மூத்தவர் வீடு திரும்பிய அதே பருவத்தில் இளையவர் வெளியேறினார்.

இதே மாதங்களில் ரஷ்யத் தொலைக்காட்சியில் இந்த விளையாட்டின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் அடிபட்டுக்கொண்டிருந்தது. 2011 ஆகஸ்டில் மாஸ்கோ இரவு விடுதி ஒன்றின் வாசலில் வாய்த்தகராறு. கலப்புச் சண்டை வீரர் ரசூல் மிர்ஸாயெவ் ஒரே ஒரு அடி அடித்தார். அடிபட்ட 19 வயது மாணவர் கீழே விழுந்து, சில நாள்கள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். அடித்தவர் தாகெஸ்தானி, இறந்தவர் ரஷ்யர் என்பதால் வழக்கு தெருக்கோபமாக மாறியது. 2012 நவம்பரில் நீதிமன்றம் அதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று முடிவுசெய்து, இரண்டாண்டு நடமாட்டக் கட்டுப்பாடு விதித்து அவரை வெளியே விட்டது. அந்த மாணவரின் வீட்டுக்கு எந்தத் தீர்ப்பும் போதாது. ஒரு தனிமனிதரின் கையை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தையே குற்றவாளி ஆக்கியதும் நியாயமில்லை. ஆனால் அந்த வழக்கு கேட்ட கேள்வி சரியான கேள்வி: இத்தனை ஆயிரம் இளைஞர்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், அவர்களுக்கு யார் பொறுப்பு? கூடங்கள் பெருகிவிட்டன. சங்கம் இல்லை, நாடு முழுமைக்கும் ஒரே விதி இல்லை.

அதற்கான பதில் 2012-இல் உருவானது. ரஷ்ய எம்.எம்.ஏ. சங்கம் அமைந்தது, தலைவர் ஃபெதோர். அதே ஆண்டில் அரசின் விளையாட்டுப் பட்டியலிலும் இந்தச் சண்டை இடம்பிடித்தது. வயது வரம்பு, எடைப்பிரிவு, தலைக்கவசம், மருத்துவச் சோதனை எல்லாவற்றையும் முறைப்படுத்தும் அலுவலக வேலை அவர் தலையில் விழுந்தது.

ஜூன் 21 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஐஸ் பேலஸில் பருவத்தின் கடைசிச் சண்டை. எதிரே பிரேசிலின் பெத்ரோ ரிஸோ, வயது 38, யூ.எஃப்.சி. ஹெவிவெயிட் பட்டத்துக்கு மூன்றுமுறை போட்டியிட்டவர். ஒரு நிமிடம் 24 விநாடி. வலக்கைக் குத்தில் ரிஸோ சரிந்தார், தரையில் மேலும் சில குத்துகள், நடுவர் குறுக்கே பாய்ந்தார். மே மாதம் மறுபடி அதிபராகியிருந்த புதின் அன்றும் வந்திருந்தார். சண்டை முடிந்ததும் ஃபெதோர் ஓய்வை அறிவித்தார். மகள்கள் அப்பா இல்லாமலே வளர்கிறார்கள், போதும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

மூன்றாண்டு கழித்து அவர் மறுபடி ஆட வந்தது தனிக்கதை. எனக்கு இங்கே முக்கியம் சங்கத் தலைவர் ஃபெதோர். அரசும் பணமும் இந்த விளையாட்டுக்குள் வந்த பிறகு போட்டி அமைப்புகள் பெருகின. 2014-இல் க்ரோஸ்னியில் ஏ.சி.பி. தொடங்கியது, அதைத் தொடர்ந்து செசன்ய ஆட்சியாளர் ரம்ஜான் கதீரவின் ஆதரவில் அக்மத் அணி. முன்வரிசை ஆட்கள் இப்போது போட்டிகளுக்கே உரிமையாளர்களாக இருந்தார்கள். 2016 அக்டோபரில் க்ரோஸ்னி மேடையில் கதீரவின் மூன்று மகன்கள், மூத்தவனுக்கே பத்து வயது, தலைக்கவசம் இல்லாமல் சண்டைக்கு இறக்கப்பட்டார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பியது, பெரியவர்கள் கைதட்டினார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்வையாளராகக்கூட விடக்கூடாது என்று விதியிருக்க இது எப்படி நடந்தது என்று வெளிப்படையாக எழுதிக் கேட்டவர் ஃபெதோர். க்ரோஸ்னியிலிருந்து வசைகளும் மிரட்டல்களும் பறந்தன. அவர் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. அந்தச் சில வாரங்களில் ரஷ்ய அரசு என்ன செய்தது, மற்ற வீரர்களில் யார் பேசினார்கள், யார் வாய் மூடிக்கொண்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)