வாய்விட்டுச் சொன்னால் மூட்டு பிழைக்கும்

ரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோபிலியா உள்ள ஒருவருக்கு முட்டிக்குள் ரத்தம் கசியத் தொடங்கும்போது வெளியே வீக்கம் இருக்காது. உள்ளே ஏதோ குறுகுறுவென்று, கொஞ்சம் சூடாக இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி போட்டுக்கொண்டால் கசிவு சீக்கிரம் கட்டுப்படும். ‘நல்லாத்தானே இருக்கே, எதுக்கு லீவு?’ என்று கேட்டுவிடுவார்களோ என்று தயங்கி ஷிஃப்ட் முடியும்வரை நின்றால், முட்டி வீங்கிவிடும். இப்படியே பலமுறை நடந்தால் குருத்தெலும்பு அரித்து, மூட்டே முடங்கிப்போகும்.

ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீ சிட்டி போன்ற தொழில்நகரத்துக்கு இது முக்கியமான செய்தி. சத்தியவேடு, தடா வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் பேசும் இளைஞர்கள் இங்கே ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள், ஐ.ஐ.ஐ.டி.யிலும் கிரியா பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். வீட்டில் இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்ட நோயைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய வயது இது.

பரம்பரையாக வரும் ரத்தசோகை நோயான தலசீமியா, தீவிரமாக இருந்தால் தரும் சிரமம் வேறு மாதிரி. 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு யூனிட்டோடும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி இல்லை. அது நாளமில்லாச் சுரப்பிகளில் படிந்தால் வளர்ச்சி தள்ளிப்போகும். கூடப் படிப்பவனுக்கு மீசை அரும்பும்போது தான் மட்டும் சின்னப் பையன்போல நிற்பது எவ்வளவு வலிக்கும்! அலுத்துப்போய் இரும்பு நீக்கும் மருந்தை நிறுத்துவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். நிறுத்தினால் இன்று ஒன்றும் ஆகாது. ஆனால் இரும்பு இதயத்தில் சேர்ந்துகொண்டே போய், சில ஆண்டுகளில் உயிருக்கே உலை வைக்கும். அதனால் மனச்சோர்வைக் கவனிப்பதும் சிகிச்சையில் ஒரு பாதி.

மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. 1986இல் இந்தியாவின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைகளில் ஒன்றைத் தலசீமியாவுக்காகச் செய்த வேலூர் சி.எம்.சி., ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்குத் தந்த மரபணு சிகிச்சையின் வெற்றியை 2024இல் அறிவித்தது. ஆந்திர அரசு தலசீமியா, தீவிர ஹீமோபிலியா நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது.

ஆனால் தனிமைக்கு மருந்து மனிதர்கள்தான். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பை 1963இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெலே ஒரு ஹீமோபிலியா நோயாளி. தனக்கிருக்கும் அதே நோயோடு வேலை, கல்யாணம் என்று வாழும் ஒரு அண்ணனையோ அக்காவையோ நேரில் பார்ப்பது தரும் தெம்பை எந்த அறிவுரையும் தராது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த நோய்களை ஊனப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 4 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டில் இவற்றுக்கு இடம் தரவில்லை. பலர் நோயை மறைப்பதற்கு வேலை போய்விடுமோ என்ற பயமும் ஒரு காரணம். அதே சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். அதில் ரத்தம் ஏற்றும் நாளுக்கு விடுப்பு என்று ஒரு வரி சேரட்டும். ஃபேக்டர் மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க விடுதி ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்கட்டும். மனம் தாங்காதபோது அழைக்க 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். பெரிய செலவில்லாத இந்த ஏற்பாடுகள் இருந்தால், முட்டி குறுகுறுக்கும் அந்த நிமிடமே அந்த இளைஞர் தயங்காமல் சொல்வார்.